பேப்பர் ராக்கெட்டும் வால் கனமும்: உங்கள் கதையையும் சொல்லுங்கள்

பம்மல் அப்பா:

எங்கள் ஊரில் இதற்குப் பேப்பர் ராக்கெட் என்றுதான் பெயர், காகித விமானம் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. கணக்கு வாத்தியார் கரும்பலகைப் பக்கம் திரும்பும் நேரம் பார்த்து விட்டு, அது அவர் முதுகிலேயே போய் முட்டி, பீரியட் முழுக்க முழங்கால் போட்ட கூட்டம் நான். முப்பது வருடம் கழித்து அதே ராக்கெட்டை என் மகள் ஆறாம் வகுப்பு அறிவியல் செயல்திட்டம் என்று கொண்டுவந்து நிற்கிறாள். மூன்று விதமாக மடித்து, எது தூரம் போகிறது, ஏன் என்று எழுத வேண்டுமாம். 'எது' சுலபம். 'ஏன்'தான் எங்கள் ஒரு வாரத்தைத் தின்றுவிட்டது.

காற்று வராத இடம் வேண்டும் என்று மாடி நடையில் விட்டோம். வழக்கமான கூர்மூக்கு ராக்கெட் எறிந்த வேகத்துக்கு நேராகப் போய்ச் சுவரில் முட்டியது, அதில் பேச ஒன்றுமில்லை. அகல இறக்கை வைத்து மடித்ததுதான் படுத்தி எடுத்தது. கையை விட்டதும் மேலே ஏறும், ஒரு நொடி அப்படியே நிற்கும், மூக்கு தொங்கும், சர்ரென்று இறங்கும், இறங்கிய வேகத்தில் மறுபடி ஏறும். மகள் அதற்கு வைத்த பெயர் பூம்பூம் மாடு.

"இன்னும் வேகமா எறி" என்றேன். தப்பு. இன்னும் உயர ஏறி இன்னும் மோசமாக விழுந்தது. ஏற ஏற வேகம் குறைகிறது, இறக்கை காற்றை மேலும் மேலும் நிமிர்ந்து சந்திக்கிறது, ஒரு கட்டத்துக்கு மேல் காற்று இறக்கையின் முதுகை ஒட்டி ஓடாமல் பிய்த்துக்கொண்டு போய்விடுகிறது. தூக்குவிசை காலி. பைலட்டுகள் ஸ்டால் என்று பயப்படுவது இதற்குத்தான்.

சரி என்று மூக்கில் ஒரு ஜெம் கிளிப் மாட்டினோம். நேரே தரையில் குத்தியது. கழற்றப் போனவளை நிறுத்தி, இறக்கையின் பின்விளிம்பை நகத்தால் நூலளவு மேலே வளைக்கச் சொன்னேன். அப்புறம் விட்டதுதான் விடுதல்! நடை முழுக்க மெதுவாகப் போய்க் கடைசி வீட்டுச் செருப்பு ஸ்டாண்டில் உட்கார்ந்தது. முன்னால் இருக்கும் கனம் மூக்கைத் தாழ்த்துகிறது, வளைந்த பின்விளிம்பு வாலை அமுக்குகிறது. வேகம் கூடினால் வால் அதிகமாக அமுங்கி மூக்கு நிமிரும், வேகம் குறைந்தால் மூக்கு தானே தாழ்ந்து வேகத்தை மீட்டுக்கொள்ளும். ஓட்ட ஆளில்லாத காகிதத்துக்கு இதைவிட என்ன வேண்டும்.

மொட்டை மாடியில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். சாயங்காலம் கடல்காற்று கிளம்பிவிட்டால் மீனம்பாக்கத்துக்கு வரும் விமானங்கள் எங்கள் தலைக்கு மேலேதான் தாழ்ந்து இறங்கும், மேற்குக் காற்று அடிக்கும் காலையில் அதே பக்கமாக ஏறிப் போகும். எப்போதும் காற்றுக்கு எதிர்முகம். பல வருடம் பார்த்தும் எனக்கு இது உறைத்ததில்லை. மகள் காற்றைப் பார்த்து ராக்கெட்டை விட்டபோது அது கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே மிதந்து அவள் காலடியில் இறங்கியது. காற்று முதுகில் அடிக்கும்படி விட்டபோது குட்டிக்கரணம் போட்டுக் கைப்பிடிச் சுவரைத் தாண்டிப் பக்கத்து மாடியில் காய்ந்த கூழ் வத்தலின் நடுவில் போய் ஒட்டிக்கொண்டது. அந்த அம்மாவிடம் வாங்கிய பேச்சு தனி.

எனக்குப் பதில் தெரியாத கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது. "இதுல இன்ஜினே இல்லையேப்பா, அப்ப பெரிய பிளேன்ல இன்ஜின் நின்னா என்ன ஆகும்?" தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இந்த மாதிரி அனுபவம் இருந்தால் அதையும் எழுதுங்கள்.

ராம்ப் ஆள்:

சார், உங்கள் ஜெம் கிளிப்பை வைத்துத்தான் நான் பத்து வருடம் சோறு தின்றேன். சின்ன விமான நிலையம் ஒன்றில் மூட்டை ஏற்றுகிற வேலை. முன்பின் கனம் சரியாக இருக்க எந்த அறையில் எத்தனை கிலோ என்று ட்ரிம் ஷீட் என்றொரு தாள் வரும், அதில் இருக்கிற மாதிரிதான் ஏற்ற வேண்டும், இடம் இருக்கிறதே என்று நம் இஷ்டத்துக்குத் தள்ளிவிட முடியாது.

ஏடிஆர் 72 பார்த்திருப்பீர்கள், விசிறி வைத்த விமானம், 70 சொச்சம் சீட். அதில் பயணிகள் ஏறுகிற கதவு பின்பக்கம். எல்லோரும் வால் பக்கத்திலேயே ஏறி, அங்கேயே நின்று பை வைத்துக்கொண்டிருந்தால் மூக்கு தூக்கி வால் தரையில் உட்கார்ந்துவிடும் என்பதற்காக வாலுக்கு அடியில் ஒரு கம்பு முட்டுக் கொடுத்திருப்போம். டெயில் ப்ராப் என்போம். கிளம்பும் முன் எடுத்துவிடுவோம். அடுத்த தடவை ஏறும்போது குனிந்து பாருங்கள்.

பாதி காலியாகப் போன ஒரு நாள், முன்னால் போன ஒருவர், பின்வரிசையில் இடம் காலியாகத்தானே இருக்கிறது, நான் குடும்பத்தோடு அங்கே உட்கார்ந்தால் என்ன என்று ஏர் ஹோஸ்டஸ் பெண்ணிடம் சத்தம் போட்டுவிட்டார். நாலைந்து பேர் இடம் மாறினாலே கணக்கு மாறும் என்று அந்தப் பெண் சொல்லிப் பார்த்தது, அவர் நம்பவில்லை. என்னிடம் அன்றைக்கு ஒரு ராக்கெட்டும் ஜெம் கிளிப்பும் இருந்திருந்தால் அங்கேயே காட்டியிருப்பேன். கிளிப்பை வாலில் மாட்டி ஒரு தடவை விட்டுப் பாருங்கள், தெரியும்.

சுண்ணாம்புக்கட்டி:

நான் எட்டாம் வகுப்பு எடுக்கிறேன். பம்மல் சாரின் மகள் கேள்விக்கு உண்மைச் சம்பவமே இருக்கிறது. 1983 ஜூலை 23, கனடாவில் ஒரு போயிங் 767 விமானம் 41,000 அடி உயரத்தில் போகும்போது எரிபொருள் தீர்ந்து இரண்டு இன்ஜினும் நின்றுவிட்டன. காரணத்தைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வீர்கள்: எரிபொருளைக் கிலோவில் கணக்கிட வேண்டிய இடத்தில் பவுண்டு கணக்கைப் போட்டுவிட்டார்கள், அதனால் பாதிகூட ஏறவில்லை. கேப்டன் பாப் பியர்சன் ஓய்வு நேரத்தில் இன்ஜின் இல்லாத கிளைடர் ஓட்டுகிறவர். கிம்லி என்ற ஊரில் கைவிடப்பட்டுக் கார் பந்தயத் திடலாகிப்போன பழைய விமானப்படைத் தளத்தில் இறக்கினார். உள்ளே இருந்த 69 பேரும் பிழைத்தார்கள். இறங்கும்போது துணை விமானி போட்ட கணக்குப்படி 12 அடி முன்னே போனால் 1 அடி கீழே இறங்கியது அந்த விமானம்.

இதை வகுப்பில் இப்படிச் செய்வேன். தோள் உயரத்திலிருந்து, எறியாமல், மெதுவாகத் தள்ளி விடச் சொல்வேன். 4 அடி உயரத்தில் விட்டது 20 அடி தள்ளி விழுந்தால் 5க்கு 1. பையன்கள் ஸ்கேலோடு தரையில் கிடப்பார்கள், அடுத்த வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்து முறைப்பார், பழகிவிட்டது.

சாதனைக் கணக்கும் சொல்வேன், அதைக் கேட்டால்தான் கண் விரியும். ரைட் சகோதரர்களின் 1903 டிசம்பர் 17 முதல் பறப்பு 12 விநாடி, 120 அடி. 2010இல் ஜப்பானின் தகுவோ தோடா ஒரே தாளில் மடித்த விமானத்தை 29.2 விநாடி காற்றில் நிறுத்தினார். 2022 டிசம்பரில் அமெரிக்காவில் மூன்று இன்ஜினியர்கள் விட்டது 88.318 மீட்டர் போனது, அதாவது கிட்டத்தட்ட 290 அடி. "அப்ப ரைட் பிரதர்ஸை நம்ம காகிதம் ஜெயிச்சிடுச்சா சார்?" என்று ஒருவன் வருடா வருடம் கேட்பான். ஓர்வில் ரைட் அதில் படுத்துக்கொண்டு போனார், உன் ராக்கெட்டில் ஒரு எறும்பை ஏற்றிக் காட்டு என்பேன். ஒரு வருடம் நிஜமாகவே ஏற்றிவிட்டான்.

பம்மல் அப்பா:

ராம்ப் சார், வாலில் கிளிப் மாட்டிப் பார்த்தோம். கையை விட்ட மாத்திரத்தில் மூக்கைத் தூக்கிக்கொண்டு பின்னால் சாய்ந்து தொப்பென்று விழுந்தது. பின்விளிம்பைக் கீழே வளைத்தாலும், மேலே வளைத்தாலும், வேகமாக விட்டாலும், மெதுவாக விட்டாலும் அதே கதி. மகள் இப்போது கிளிப்பை விரல் விரலாக நகர்த்தி எந்த இடத்தில் கெட்டுப்போகிறது என்று பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருக்கிறாள். வியாழக்கிழமை நோட்டு கொடுக்க வேண்டும். எங்கள் சறுக்கல் கணக்கு 6க்கு 1, வாத்தியார் சார் பையன்களைவிட ஒன்று கூட. எறும்பு விஷயம் அவள் காதில் விழாமல் பார்த்துக்கொள்கிறேன்.