கசிந்த அறிக்கை, காணாமல் போன பக்கங்கள்: அரசு அலுவலகத்தில் நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

ஓய்வுபெற்ற ஸ்டெனோ, டில்லி

1997 நவம்பரில் நான் ராமகிருஷ்ணபுரம் அரசுக் குடியிருப்பில் இருந்தேன். அந்த மாதத்தை அங்கிருந்த தமிழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ராஜீவ் காந்தி கொலையின் பின்னணியை விசாரித்த ஜெயின் கமிஷன் தன் இடைக்கால அறிக்கையை ஆகஸ்ட் 28 அன்றே அரசிடம் கொடுத்திருந்தது. அதை நாடாளுமன்றத்தில் வைப்பதற்கு முன்பே, நவம்பரில் 'இந்தியா டுடே' இதழில் அதன் பகுதிகள் வந்துவிட்டன. திமுக ஆட்சி விடுதலைப் புலிகளுக்கு இடம் கொடுத்தது என்ற பகுதிதான் எல்லார் வாயிலும். பிரதமர் குஜ்ராலின் அமைச்சரவையிலிருந்து திமுக அமைச்சர்களை நீக்கு என்று காங்கிரஸ் கேட்டது. வெளியிலிருந்து ஆதரவு கொடுத்து அந்த ஆட்சியைத் தாங்கிக்கொண்டிருந்ததே காங்கிரஸ்தான்.

அதே நாட்களில், நவம்பர் 14 அன்று, பாதுகாப்புத் துறை இணை அமைச்சராக இருந்த திமுகவின் என்.வி.என். சோமு அருணாசலப் பிரதேசத்தில் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்துபோனார். அந்தத் துக்கம் ஒரு பக்கம், அலுவலகத்தில் 'உங்க ஆளுங்கதானே' என்ற பார்வை இன்னொரு பக்கம். கேண்டீனில் டீ வாங்கப் போகவே கூச்சமாக இருக்கும்.

அறிக்கை 20ஆம் தேதி அவையில் வைக்கப்பட்டது. அப்புறம்தான் தெரிந்தது, அது 1981லிருந்தே கதையைச் சொல்கிறது என்று. போராளிக் குழுக்களுக்கு இந்திய மண்ணில் பயிற்சியும் உதவியும் கிடைத்த காலம், அதாவது காங்கிரஸ் மத்தியில் ஆண்ட காலமும் அதற்குள் இருந்தது. ஆனால் முதலில் வெளியே வந்த பக்கங்கள்தான் மக்கள் மனதில் நின்றன. 28ஆம் தேதி காங்கிரஸ் ஆதரவை விலக்கியது, குஜ்ரால் ராஜினாமா செய்தார், டிசம்பர் 4 அன்று மக்களவை கலைக்கப்பட்டது. அடுத்த ஜனவரியில் ராஜீவ் கொலை வழக்கில் பூந்தமல்லி தடா நீதிமன்றம் 26 பேருக்கு மரண தண்டனை விதித்தது. அந்த 26 பேரில் திமுக தலைவர் ஒருவரும் இல்லை. 2004இல் அதே காங்கிரசும் திமுகவும் ஒரே அணியில் நின்றன, அந்த அணி தமிழ்நாட்டின் 39 மக்களவைத் தொகுதிகளையும் பிடித்தது. அறிக்கையைக் கசியவிட்டதற்காக எந்த அரசியல்வாதியும் தண்டிக்கப்படவில்லை.

இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், எனக்கே இதில் ஒரு பங்கு உண்டு. ஜெயின் அறிக்கையில் அல்ல. அதற்கு மூன்று வருடம் முன்பு, நான் வேலை பார்த்த அமைச்சகத்தில் நடந்த ஒன்றில்.

ரகசியக் குறிப்பு தட்டச்சு செய்வதற்கு ஒரு முறை உண்டு. ஒவ்வொரு பிரதிக்கும் எண் போட வேண்டும், பதிவேட்டில் எத்தனை பிரதி என்று எழுத வேண்டும், கார்பன் தாளையும் பிழையான தாளையும் கிழித்து எரிக்க வேண்டும். டிக்டேஷன் எடுத்த நோட்டை அதிகாரியின் அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். ஒரு நாள் மாலை அமைச்சரின் உதவியாளர் என் அறைக்கு வந்தார். 'ஒரு பிரதி கூடுதலா போடு, சாருக்கு வீட்டில் படிக்க' என்றார். போட்டேன். எண் போடவில்லை, பதிவேட்டிலும் எழுதவில்லை. உறையில் போட்டு எங்கள் பியூன் கையில் கொடுத்தேன். அவர் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

நான்காவது நாள் அதிலிருந்து மூன்று பத்திகள் ஒரு நாளிதழில் வந்தன. பக்கத்து மாநிலத்தில் இடைத்தேர்தல் நேரம் அது. ஒரு திட்டத்துக்கு எதிர்க்கட்சி முதல்வர் தடை போட்டார் என்பது செய்தி. நான் அடித்த குறிப்பில் நான்காவது பத்தியும் இருந்தது. அந்தத் தடை பேசித் தீர்க்கப்பட்டுவிட்டது, மாநிலம் ஒப்புதல் கொடுத்துவிட்டது என்று அதில் இருந்தது. அது மட்டும் செய்தியில் இல்லை.

உங்களில் யாருக்காவது இப்படி அனுபவம் இருந்தால் எழுதுங்கள். பெயர் வேண்டாம், துறை வேண்டாம். நடந்ததைச் சொன்னால் போதும்.

முன்னாள் நிருபர், சென்னை

ஐயா, நான் அந்தக் காகிதத்தை வாங்கும் பக்கம் இருந்தவன். உங்கள் நான்காவது பத்தியைப் படித்ததும் என் கதை ஞாபகம் வந்துவிட்டது.

ஒரு தேர்தலுக்கு முந்தின மாதம். ஆளுங்கட்சிப் பிரமுகர் ஒருவர் ஹோட்டல் அறைக்கு வரச் சொன்னார். ஒரு விசாரணை அறிக்கையின் ஜெராக்ஸ் ஏழு பக்கம். மேல் ஓரத்தில் பக்க எண் 41லிருந்து தொடங்கி 44க்குப் பிறகு நேராக 47க்குத் தாவியது. '45, 46 எங்கே சார்?' என்று கேட்டேன். 'அது தேவையில்ல தம்பி, இதைப் போடு' என்றார். அந்த இரண்டு பக்கத்துக்காக ஒரு வாரம் அலைந்தேன். கிடைக்கவில்லை. எங்கள் செய்தி ஆசிரியர் போட மறுத்துவிட்டார். மறுநாளே வேறொரு பத்திரிகையில் அந்த ஏழு பக்கமும் முதல் பக்கச் செய்தியாக வந்தது. அன்றைக்கு எனக்குக் கோபம் ஆசிரியர் மேல்தான். வருடம் கழிந்து முழு அறிக்கையும் வந்தபோது எடுத்துப் பார்த்தேன். 45ஆம் பக்கத்தில் அந்தப் பிரமுகரின் கட்சிக்காரர்களின் சாட்சியம் இருந்தது.

இதற்காகக் கசிவு எல்லாமே தப்பு என்று சொல்ல மாட்டேன். நிருபனாக இருந்துவிட்டு அப்படிச் சொன்னால் அது பொய். எங்களுக்கு உண்மையான செய்தி கொடுத்தவர்களில் பலர் பயந்து பயந்து வந்த சின்ன ஊழியர்கள். அவர்கள் முழுக் கோப்பையும் காட்டுவார்கள். கட்சிக்காரர் தான் கிழித்தெடுத்ததைத்தான் காட்டுவார். நான் பார்த்த வரைக்கும் வித்தியாசம் அங்கேதான்.

தூத்துக்குடியிலிருந்து

நிருபர் அண்ணன் சொல்வதை நான் ஒத்துக்கொள்கிறேன். 2018 மே 22 எங்கள் ஊரில் யாரும் மறக்கக்கூடிய தேதி இல்லை. ஸ்டெர்லைட் போராட்டத் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் போனார்கள். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு வீடு. நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் நான்கு வருடம் விசாரித்து 2022 மே மாதம் அறிக்கை கொடுத்தது. வெளியில் ஒரு வரி வரவில்லை. ஆகஸ்டில் 'பிரண்ட்லைன்' ஆங்கிலப் பத்திரிகையில் வந்தபோது எங்கள் பக்கத்துக் கடையில் ஒருவர் செல்போனில் தமிழில் சொல்லச் சொல்ல, பத்துப் பேர் நின்று கேட்டோம். 17 காவல்துறையினர் மேல் நடவடிக்கை எடுக்கப் பரிந்துரை என்று கேட்டபோது ஒரு அம்மா கீழே உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களுக்கு அது கசிவு இல்லை, பதில். அக்டோபர் 18 அன்றுதான் சட்டமன்றத்தில் வைத்தார்கள்.

ஆனால் அதற்கு அப்புறம் கட்சிக்காரர்கள் ஆளுக்கு ஒரு பக்கத்தைத் தூக்கிக்கொண்டு டிவியில் சண்டை போட்டார்கள். அதைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

ஓய்வுபெற்ற பிரிவு அலுவலர், சென்னை

இதில் ஒரு விஷயத்தை யாரும் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். 1952ஆம் வருட விசாரணை ஆணையங்கள் சட்டம் 3(4) பிரிவின்படி, அறிக்கை கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் அதை நடவடிக்கைக் குறிப்போடு அவையில் வைக்க வேண்டும். அந்த ஆறு மாதம் அறிக்கை அரசின் அலமாரியில்தான் இருக்கும். யார் யார் படித்தார்கள் என்பது வெளியில் தெரியாது. ஜெயின் அறிக்கை ஆகஸ்டில் கொடுத்து நவம்பரில் கசிந்தது. பாபர் மசூதி இடிப்பை விசாரித்த லிபரான் கமிஷன் 17 வருடம் எடுத்துக்கொண்டு 2009 ஜூன் 30 அன்று கொடுத்தது, நவம்பர் 23 அன்று பத்திரிகையில் வந்தது. ஒரே ஒரு பிரதிதான் இருக்கிறது, அதுவும் பத்திரமாக இருக்கிறது என்று உள்துறை அமைச்சராக இருந்த ப. சிதம்பரம் அவையில் சொன்னார். மறுநாளே அறிக்கையை அவையில் வைக்க வேண்டியதாயிற்று. தூத்துக்குடி அறிக்கை மே, ஆகஸ்ட். மூன்றுமே அந்த ஆறு மாதத்துக்குள். கையில் கிடைத்த ஒரு வாரத்தில் அவையில் வைத்துவிட்டால், கசியவிட அதில் என்ன இருக்கும்? சர்வீஸில் இருந்தபோதே இதைக் கேட்டிருக்கிறேன், மேலே இருந்தவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள்.

இன்னொன்று. அமைச்சர்கள் பதவியேற்கும்போது இரண்டு உறுதிமொழி எடுக்கிறார்கள். இரண்டாவது இரகசியக் காப்பு. பணிக்குத் தேவைப்பட்டால் ஒழிய, தன் பார்வைக்கு வந்ததை நேரடியாகவோ மறைமுகமாகவோ யாரிடமும் சொல்ல மாட்டேன் என்பது அதன் சாரம். அரசியலமைப்பின் மூன்றாம் அட்டவணையில் இருக்கிறது. மீறினால் என்ன தண்டனை என்று அந்த அட்டவணையில் ஒரு வரி கிடையாது. அலுவலக ரகசியச் சட்டம் 1923இலிருந்து இருக்கிறது, சரி. ஆனால் என் முப்பத்திரண்டு வருட சர்வீஸில் கோப்பு வெளியே போனதாக வந்த ஒவ்வொரு முறையும் 17பி சார்ஜ் (கடும் தண்டனைக்கான ஒழுங்கு நடவடிக்கைக் குற்றச்சாட்டு) வாங்கியது உதவியாளரோ தட்டச்சரோதான்.

திருவண்ணாமலை மாவட்டத்திலிருந்து ஒரு அக்கா

நீங்கள் எல்லாரும் பெரிய அறிக்கைகளைப் பற்றிப் பேசுகிறீர்கள். என்னுடையது ஒரே ஒரு பக்க மனு.

எங்கள் ஊர் ஏரி வாய்க்காலை மறித்து ஒருவர் ஷெட் போட்டார். தண்ணீர் எங்கள் நிலத்துக்கு வரவில்லை. திங்கட்கிழமை குறைதீர் நாளில் போய் மனு கொடுத்தேன். பெயர், கதவு எண், செல் நம்பர் எல்லாம் எழுதித்தானே கொடுக்க வேண்டும்? ரசீது வாங்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறி வீட்டுக்கு வருவதற்குள், அந்த மனுவின் போட்டோ எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் வந்துவிட்டது. போட்டவர் உள்ளூர் கட்சிப் பொறுப்பாளர். ஊராட்சித் தேர்தல் வர இருந்த நேரம். 'எதிர்க்கட்சி தூண்டிவிட்டு மனு கொடுத்திருக்கு, நம்ம ஆளு வாய மூட வைக்கப் பாக்குது' என்று அதற்குக் கீழே எழுதியிருந்தார். எனக்குக் கட்சியே கிடையாது. அந்த வாரம் முழுக்க ராத்திரி பதினோரு மணிக்குத் தெரியாத நம்பரிலிருந்து போன் வரும். என் மகள் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். போனை அணைத்து வைத்துவிட்டுப் படி என்று சொன்னேன்.

மறுபடியும் போய்க் கேட்டேன். கவுன்ட்டரில் இருந்த பெண், 'அக்கா, நாங்க ஸ்கேன் பண்ணி மேல அனுப்புறதோட சரி, அதுக்கு அப்புறம் யாரு பாக்குறாங்கன்னு எங்களுக்குத் தெரியாது' என்றாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. வாய்க்கால் கடைசியில் திறந்தது, அடுத்த மழைக்கு. ஆனால் அதற்குப் பிறகு எங்கள் தெருவில் யாரும் எதற்கும் மனு கொடுப்பதில்லை. தெருவிளக்கு எரியாவிட்டால்கூட.

முன்னாள் நிருபர், சென்னை

அக்கா, இதைப் படித்துவிட்டு வெகு நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. மாநில ரகசியம், தேச ரகசியம் என்று நாங்கள் ஓடினோம். ஒரு மனுதாரரின் செல் நம்பரும் அரசிடம் நம்பி ஒப்படைத்த ரகசியம்தான் என்று நான் ஒரு செய்திகூட எழுதியதில்லை.

ஸ்டெனோ ஐயா, உங்களிடம் ஒரு கேள்வி. அந்தக் கூடுதல் பிரதி விஷயம் அப்புறம் என்ன ஆயிற்று?

ஓய்வுபெற்ற ஸ்டெனோ, டில்லி

கேட்பீர்கள் என்று தெரியும். முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், கை வரவில்லை.

விசாரணை வந்தது. துணைச் செயலாளர் என்னை உட்கார வைத்துக் கேட்டார். 'எத்தனை பிரதி போட்டாய்?' பதிவேட்டில் இருந்ததைச் சொன்னேன். ஆறு. அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. அமைச்சரின் உதவியாளரை யாரும் கூப்பிடவே இல்லை. ஆறு பிரதியும் அதனதன் இடத்தில் இருந்தது. அப்படியானால் இடையில் யாரோ உறையைப் பிரித்து ஜெராக்ஸ் எடுத்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார்கள். உறையைத் தூக்கிக்கொண்டு நடந்தவர் எங்கள் பியூன். மலைப்பக்கத்து ஆள், குமாவுன். ஆங்கிலம் படிக்கத் தெரியாது. அந்தக் காகிதத்தில் என்ன இருந்தது என்றே அவருக்குத் தெரியாது. இரண்டு வருட ஊதிய உயர்வை நிறுத்தி வேறு கட்டடத்துக்கு மாற்றினார்கள்.

அவர் என்னிடம் ஒரு நாளும் எதுவும் கேட்கவில்லை. மாற்றலாகிப் போகும் அன்று மாலை வந்து, என் மேஜையில் இருந்த தண்ணீர் ஜாடியை வழக்கம்போல நிரப்பி வைத்துவிட்டுப் போனார்.

அவர் ஓய்வு பெற்ற பிறகு ஒருமுறை அவர் ஊர் முகவரியைத் தேடி வாங்கினேன். இந்தியில் ஒரு கடிதம் எழுதினேன், ஏழாவது பிரதியைப் பற்றி. அவர் மகன்தான் பதில் போட்டிருந்தார். அப்பா போய் எட்டு மாதம் ஆகிறது, கடிதத்தை அம்மாவிடம் படித்துக் காட்டினேன் என்று இரண்டே வரி.