கால்நடைக் கண் மருத்துவத்தில் ஆய்வுப் பணி: குஸ்தாவோ அகீரே சென்ற பாதை

கேள்வி (இறுதியாண்டு மாணவி)

அனைவருக்கும் வணக்கம். நான் கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பின் இறுதியாண்டில் இருக்கிறேன். கண்புரையோடும் கருவிழிப் புண்ணோடும் வரும் நாய்களுக்கு அறுவை சிகிச்சை செய்யக் கற்றுக்கொள்ளும் ஆவல் எனக்கு உண்டு. ஆனால் விழித்திரை தேய்ந்து பார்வையிழக்கும் நாயின் உரிமையாளரிடம் "இதற்கு மருந்து இல்லை" என்று சொல்லி அனுப்பும் நிலைதான் என்னை ஆய்வின் பக்கம் இழுக்கிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகப் பேராசிரியர் குஸ்தாவோ அகீரேயைப் பற்றி எங்கள் ஆசிரியர் வகுப்பில் குறிப்பிட்டார். கால்நடை மருத்துவராகத் தொடங்கிய ஒருவர் மரபணு சிகிச்சை வரை எப்படிச் சென்றார்? அந்தப் பாதையில் செல்ல மருத்துவத்தைக் கைவிட வேண்டுமா?

பதில் 1 (முனைவர் பட்ட ஆய்வாளர்)

வணக்கம், தங்கையே. நல்ல கேள்வி. அகீரே 1968 இல் பென்சில்வேனியாவில் கால்நடை மருத்துவப் பட்டமும், 1975 இல் அங்கேயே முனைவர் பட்டமும் பெற்றார். பின்னர் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சில ஆண்டுகள் பணியாற்றிவிட்டு மீண்டும் பென்சில்வேனியாவுக்கே திரும்பினார். இடங்கள் மாறினாலும் அவர் எடுத்துக்கொண்ட கேள்வி மாறவில்லை: நாய்களுக்குப் பரம்பரையாக வரும் விழித்திரைத் தேய்வு எந்தச் செல்லில், எந்தக் குறைபாட்டால் தொடங்குகிறது?

அக்காலத்தில் இந்நோய்கள் அனைத்தையும் ஒரே பெயரில் அடக்கிவிடும் வழக்கம் இருந்தது. அவரும் உடன் பணியாற்றியவர்களும் ஒளி படும்போது விழித்திரையில் எழும் மின் எதிர்வினையைக் காட்டும் எலக்ட்ரோரெட்டினோகிராம் என்னும் மின்பதிவையும் நுண்ணோக்கியையும் கொண்டு ஒவ்வொரு இனத்தின் நோயையும் தனித்தனியே பிரித்தறிந்தார்கள். ஐரிஷ் செட்டர் நாய்களின் பார்வைச் செல்களில் ஒளியை மின்குறிப்பாக மாற்ற உதவும் சைக்ளிக் ஜிஎம்பி என்னும் பொருளின் வளர்சிதை மாற்றம் குலைந்திருப்பதை 1978 இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். அந்தக் குறைபாட்டுக்குக் காரணமான மரபணுப் பிறழ்வை வேறொரு குழு 1993 இல்தான் கண்டறிந்தது. நோயைச் சரியாக விவரித்துவைத்தால் அதற்குரிய கருவி பிறகு வந்து சேரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

பூடில் நாய்களில் காணப்படும், மெல்ல முற்றும் தேய்வு நோயின் கதையும் இப்படித்தான். டிஎன்ஏ பரிசோதனை இல்லாத காலத்தில், வெவ்வேறு இனங்களைக் கலந்து ஈன்ற குட்டிகளைப் பார்த்தே அவற்றின் நோய் ஒரே மரபணுவால் வருவதா என்று தீர்மானிக்க வேண்டியிருந்தது. குட்டி வளர்ந்து நோய் வெளிப்படும்வரை காத்திருக்க வேண்டும். அந்த மரபணு 2006 இல்தான் அடையாளம் காணப்பட்டது. இன்று நாய் வளர்ப்போர் இனச்சேர்க்கைக்கு முன்பே ஒரு பரிசோதனையால் நோயைத் தவிர்க்க முடிகிறது. மரபணு சிகிச்சையைப் புகழும் கட்டுரைகள் இந்தப் பயனை அதிகம் பேசுவதில்லை. நாய்களுக்கு நேரடியாகக் கிடைத்த பெரும் நன்மை இதுவே என்பது என் கருத்து.

பதில் 2 (கால்நடை அறுவை சிகிச்சைத் துறை ஆசிரியர்)

முந்தைய பதிலோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். மரபணு சிகிச்சையால் புகழ்பெற்ற பிரியார்ட் இன நாய்களின் வரலாறு அகீரேயோடு தொடங்கவில்லை. அந்த இனத்தில் பிறவியிலேயே இருக்கும் இரவுக் குருட்டுத்தன்மையை 1989 இல் விவரித்தவர் சுவீடனைச் சேர்ந்த கால்நடைக் கண் மருத்துவர் கிறிஸ்டினா நார்ஃப்ஸ்ட்ரோம். ஆர்பிஇ65 என்னும் மரபணுவில் டிஎன்ஏவின் எழுத்துகள் போன்ற காரங்களில் நான்கு விடுபட்டிருப்பதே அதற்குக் காரணம் என்பது பின்னர் தெரியவந்தது. அதே மரபணு பழுதானால் குழந்தைகளுக்கும் பிறவிப் பார்வையிழப்பு வருகிறது. கிரெகரி ஆக்லண்ட், அகீரே, ஜீன் பென்னட் ஆகியோர் அடங்கிய குழு, தீங்கற்ற நச்சுயிரி ஒன்றின் மூலம் நலமான மரபணுவை இந்நாய்களின் விழித்திரைக்கு அடியில் செலுத்திப் பார்வை திரும்புவதை 2001 இல் நிறுவியது. இதே முறையில் அமைந்த, குழந்தைகளின் நோய்க்கான மருந்து 2017 டிசம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

சுண்டெலியின் கண் மிகச் சிறியது. நாயின் கண்ணோ அளவில் மனிதக் கண்ணை நெருங்குவதால், மனிதருக்குச் செய்யும் அறுவை முறையையே அதில் செய்து பார்க்க முடிகிறது. நோயாளியின் கண்ணைச் சோதிக்கத் தெரிந்தவரும் மரபணுவைப் படிக்கத் தெரிந்தவரும் ஒரே மேசையில் அமர்ந்ததால்தான் இந்தப் பணி நிறைவேறியது. ஆகவே மருத்துவத்தைக் கைவிட வேண்டாம், அம்மா. நோயாளியைப் பார்க்கும் கண்தான் உங்களை அந்த மேசையில் அமர்த்தும்.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. முதுகலைக்குச் செல்லும் முன் நான் எதைக் கற்கத் தொடங்கலாம், ஐயா?

பதில் 2 (தொடர்ச்சி)

அமெரிக்காவில் பட்டத்துக்குப் பின் பொதுவாக ஓராண்டு உள்ளகப் பயிற்சி, பிறகு மூன்றாண்டு சிறப்புப் பயிற்சி, அதன்பின் தகுதித் தேர்வு என்று செல்வார்கள். ஆய்வாளராக விரும்புவோர் முனைவர் பட்டத்தையும் சேர்த்துக்கொள்வார்கள். அது பின்னால் வருவது. இப்போதைக்குக் விழித்திரை அமைந்த கண்ணின் உட்புறப் பின்பகுதியை மறைமுகக் கண்நோக்கியால் பார்க்கும் பழக்கத்தை வளர்த்துக்கொள்ளுங்கள். வரும் ஒவ்வொரு நாய்க்கும், அது தோல் நோய்க்காக வந்திருந்தாலும், உரிமையாளரின் இசைவோடு இதைச் செய்யலாம். நலமான விழித்திரைகள் எத்தனை விதமாகத் தோன்றும் என்பது மனத்தில் பதிந்த பிறகே தொடக்கநிலைத் தேய்வு கண்ணில் படும். மின்பதிவுக் கருவி இருக்கும் துறை கிடைத்தால், நாயை இருட்டில் இருபது நிமிடமாவது வைத்திருந்து மங்கலான ஒளியில் பார்க்க உதவும் கோல் செல்களின் எதிர்வினையைப் பதிவு செய்யக் கற்றுக்கொள்ளுங்கள். பார்வையிழந்த நாய் வந்தால், அதன் பெற்றோர், உடன்பிறந்த குட்டிகள் பற்றிய விவரத்தையும் தவறாமல் கேட்டு எழுதிவையுங்கள்.