நாலு மாசக் குழந்தைக்குப் புத்தகம் வாசிச்சுக் காட்டணுமா?

அரைத்தூக்கம்: தினமும் கால் மணி நேரம் சத்தமா வாசிச்சுக் காட்டுங்கன்னு டாக்டர் சொல்றார். மகளுக்கு நாலு மாசம்தான். ராத்திரி மூணு தடவை எழுந்திருக்கிற அம்மா தலையில இன்னொரு கடமையா? குளிப்பாட்டும்போதும் துணி மாத்தும்போதும் பேசிக்கிட்டேதான் இருக்கேன். அது போதாதா?

வாசிப்புப்பித்தன்: பேச்சு அவசியம், ஆனா போதாது. வீட்டுல நாம புழங்குறது கொஞ்சம் சொற்கள்தான். "வா", "பால் குடி", "அழாதே". படப் புத்தகத்துல ஆமை ஓட்டுக்குள்ள பதுங்கும். வீட்டுல "பதுங்கு"ங்கிற சொல்லை எப்போ சொல்றோம்? பிறந்ததுல இருந்தே வாசிச்சுக் காட்டுங்கன்னு அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2014லயே சொல்லியிருக்கு.

அரைத்தூக்கம்: பதுங்கினா என்ன, பறந்தா என்ன? அவளுக்கு எதுவும் புரியாது.

வாசிப்புப்பித்தன்: அர்த்தம் புரியாது, ஒலி பதியும். 1986ல டிகாஸ்பர், ஸ்பென்ஸ்னு ரெண்டு பேர் செஞ்ச ஆய்வு இருக்கு. கர்ப்பத்தோட கடைசி ஆறு வாரம் தாய்மார்கள் ஒரே கதையைத் தினமும் வாசிச்சாங்க. பிறந்த சில நாள்லயே குழந்தைகள், ரப்பர் காம்பை எப்படிச் சப்புதோ அதுக்கேத்த கதை ஒலிக்கும்; சப்புற விதத்தை மாத்தி அந்தக் கதையைக் கேட்டு வாங்கிச்சுங்க. வேற பெண் குரல்ல வாசிச்சாலும் அப்படித்தான்.

கதைசொல்லி: அந்த ஆய்வு உங்க கட்சிக்குச் சாட்சி சொல்லலையே! வயித்துக்குள்ள இருந்த குழந்தை எந்தப் பக்கத்தைப் பார்த்துச்சு? திரும்பத் திரும்பக் கேட்ட ஒலிதான் வேலை செஞ்சிருக்கு. மனப்பாடமா ஒரு கதையைச் சொன்னாலும் அதே பலன்தான். 2003ல மொழி ஆய்வாளர் பட்ரீசியா கூல் குழுவும் ஒன்பது மாச அமெரிக்கக் குழந்தைகளை வெச்சுப் பார்த்தாங்க. நேர்ல ஒருத்தர் சீன மொழியில பேசி விளையாடினப்போ அதோட ஒலிகளைப் பிடிச்சுக்கிட்டாங்க. அதையே வீடியோவுல காட்டினப்போ ஒண்ணும் ஏறல. குழந்தைக்கு வேண்டியது ஆள்தான், அட்டை இல்லை. புத்தகம் வாங்காத அம்மாவைக் குற்றவாளி ஆக்காதீங்க.

வாசிப்புப்பித்தன்: ஆள்தான் வேணும், ஒத்துக்கறேன். ஆனா களைச்சுப்போன ஆளுக்கு ராத்திரி எட்டு மணிக்கு வாயில பேச்சு வராதுங்க. எனக்கு வந்ததில்லை. புத்தகத்துல சொல் தயாரா இருக்கும், நேத்து வந்த வரிசையிலயே இன்னைக்கும் வரும். என் பையன் ஏழு மாசத்துல அட்டையோட மூலையைக் கடிச்சு ஊற வெச்சுட்டான். ஆனா சிவப்புப் பந்து வர்ற பக்கத்துக்கு முந்தின வரியில, உதைச்சுக்கிட்டிருந்த கால் ரெண்டும் அப்படியே நிக்கும். பக்கத்தைத் திருப்பினதும் ஒரே கத்தல். அடுத்து என்னன்னு அவனுக்குத் தெரிஞ்சிருந்தது. நான் வாயால சொன்ன கதை ஒவ்வொரு நாளும் மாறிடும், அதுல இது நடக்கல.

கதைசொல்லி: உங்க கதை மாறுதுன்னா அது உங்க ஞாபகத்தோட கோளாறு, கதையோடது இல்லை.

அரைத்தூக்கம்: கால் நின்னுச்சுன்னு சொன்னீங்களே, அதைப் பார்க்க ஆசையா இருக்கு. ஆனா கால் மணி நேரம்னு கடிகாரம் வெச்சா நான் வரல. ரெண்டு பக்கம், அவ முகத்தைத் திருப்பிக்கிட்டா மூடிடுவேன். அதுவும் என் வேலை இல்லை. இன்னைக்கு ராத்திரி அவ அப்பா வாசிக்கட்டும், நான் தூங்குறேன்.