படையோடு போன பெண்கள்: சுமையா, படையில் பாதியா?

பீரங்கிப்பிரியன்:
நெப்போலியன் காலப் படைகளில் பெண்களும் 'பணியாற்றினார்கள்' என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். ஒப்புக்கொள்ள முடியவில்லை. புருஷன் பின்னால் மூட்டை முடிச்சோடு நடந்தவர்கள்தான் அவர்கள். பிரெஞ்சுக் குடியரசே 1793 ஏப்ரலில் சட்டம் போட்டு விரட்டியது. உபயோகமானவர்களை எவனாவது விரட்டுவானா?

கடலூர்க்காரி:
சட்டத்தைப் பாதியில் நிறுத்திவிட்டீர்களே, ஐயா! உபயோகமற்றவர்களைத்தான் போகச் சொன்னார்கள். துணி வெளுப்பவர்களும் உணவு, சாராயம் விற்கும் விவாந்தியேர்களும் இருக்கலாம் என்று அதே சட்டம் சொல்கிறது. பிராந்திப் பீப்பாயைத் தோளில் தொங்கவிட்டு நடந்த அந்தப் பெண்களை 1906-இல்தான் நிறுத்தினார்கள்.

ஆங்கிலேயப் படையில் இன்னும் கறார். வெளிநாடு போகும் ஒரு கம்பெனிக்கு, அதாவது ரெஜிமென்டின் ஒரு சிறு பிரிவுக்கு, சுமார் ஆறு மனைவிமார்தான். கப்பலேறும் முன் தொப்பியில் சீட்டுப் போட்டு எடுப்பார்கள். 'போகலாம்', 'போகக் கூடாது'. கைக்குழந்தையோடு கரையில் நின்றவர்களும் உண்டு. போனவர்களுக்கு அரை ரேஷன், பதிலுக்குத் துவைப்பு, தையல், காயம்பட்டவர்களைப் பார்ப்பது. ராணுவச் சட்டமும் அவர்கள்மேல் பாயும்.

பீரங்கிப்பிரியன்:
ரேஷன் கழுதைக்கும்தான் கிடைத்தது. கழுதை என்றதும் ஞாபகம் வருகிறது: ஸ்பெயினில் ஆங்கிலேயப் படை நெப்போலியனோடு போரிட்டபோது இந்தப் பெண்களின் கழுதைகள் பாதையை அடைத்து, படையே நின்றது. முன்னால் போனால் கழுதையைச் சுடுவோம் என்று உத்தரவு போட்டு, சுடவும் செய்தார்கள். இதற்குப் பெயர் சேவையா?

கடலூர்க்காரி:
சரி, சுட்டார்கள். ஏன் முண்டியடித்து முன்னால் போனார்கள் என்று கேட்டீர்களா? நாளெல்லாம் நடந்து வருகிறவனுக்கு அடுப்பு மூட்டி, தேநீர் தயாராக வைக்க.

கொள்ளிடத்தான்:
நடுவில் ஒன்று. ஹன்னா ஸ்னெல் என்ற ஆங்கிலேயப் பெண் ஆண் வேடத்தில் கடற்படை வீரராக நம் கரைக்கே வந்தவர். பிரெஞ்சுக்காரர் வசமிருந்த புதுச்சேரியை ஆங்கிலேயர் முற்றுகையிட்ட 1748-ஆம் ஆண்டுக் காலம். அவர் கதையைச் சொல்லும் புத்தகத்தில் மிகைப்படுத்தல் நிறைய. ஆனால் 1750-இல் செல்சி ஓய்வூதியம், அதாவது முன்னாள் படைவீரர்களுக்கான லண்டன் செல்சி இல்லத்தின் ஓய்வூதியம், கிடைத்தது நிஜம்.

பீரங்கிப்பிரியன்:
அதைத்தான் நானும் சொல்கிறேன். ஹன்னா துப்பாக்கி பிடித்தார், ஓய்வூதியம் வந்தது. துணி வெளுத்தவளுக்கு வந்ததா?

கடலூர்க்காரி:
வரவில்லைதான். புருஷன் செத்தால் அரை ரேஷனும் கொஞ்ச நாளில் நின்றுவிடும். அதனால்தான் சில நாட்களிலேயே அதே ரெஜிமென்டில் இன்னொருவனைக் கட்டிக்கொண்டார்கள். அதற்கும் அவர்களைத்தான் ஏசினார்கள்.