மறு: மான் எட்டிக் கடிக்கும் உயரத்துக்குச் சொல் – 'கடிமட்டம்'?

நண்பர்களுக்கு வணக்கம். நாம் மொழிபெயர்க்கும் கட்டுரையில் வரும் 'browse line', அதாவது மான் போன்ற விலங்குகள் மரத்தழையை எட்டிக் கடிக்கும் உயரம், அதற்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம். குழுவில் வந்த இரண்டு கருத்துகளுக்கு என் பதில் இது.

> 'மேய்ச்சல் கோடு' என்றே வைத்துவிடலாமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் வேறு ஏதோவாகப் புரியும். எங்கள் வேதாரண்யம் பக்கம் மேய்ச்சல் என்றதும் தலை குனிந்து புல் தின்பதுதான் நினைவுக்கு வரும். 'மேய்ச்சல் கோடு' என்றால், மாடு இதைத் தாண்டக்கூடாது என்று தரையில் கிழித்த எல்லை என்றே எடுத்துக்கொள்வார்கள். தழை என்று வந்தால் 'ஆடு கடிச்ச செடி' என்பதுதான் வழக்கு.

அதனால் என் பரிந்துரை 'கடிமட்டம்'. விலங்குக்கு எட்டுகிற வரை இலையே இல்லாமல், அதற்கு மேலே மட்டும் தழைத்து, மரங்களின் அடிப்பக்கம் ஒரே சீராகக் கத்தரித்தாற்போலத் தெரியுமே, அந்த உயரம். நீர்மட்டம் போல இதுவும் ஏறி இறங்கும். கோடியக்கரையில் வெளிமான் பெரும்பாலும் புல்லோடு சரி. புள்ளிமானோ பின்னங்காலில் எழும்பிக் கிளையை எட்டும். ஸ்காட்லாந்து மலைகளில் பனி குவிந்துவிட்டால் செம்மான் அதன்மேல் ஏறி நின்று இன்னும் உயரத்தில் கடிக்கும்.

> சங்கப் பாடல்களில் கடிமரம் என்றால் காவல்மரம். குழப்பம் வராதா?

வராது. கடி ஜோக்கையும் சேர்த்துத்தானே சமாளிக்கிறோம்.

நாம் மொழிபெயர்க்கும் கட்டுரைக்கு இந்தச் சொல் இல்லாமல் முடியாது. கடிமட்டத்துக்குக் கீழே இளம் மரக்கன்றே இல்லையென்றால் காடு கிழடாகிறது என்று பொருள். ஓநாய் அற்றுப்போன ஸ்காட்லாந்தில், வேட்டைக்காக மான்களைப் பெருகவிட்ட எஸ்டேட்டுகளில் அதுதான் நடந்தது: முதிய பைன் நிற்கிறது, அடுத்த தலைமுறையைக் காணோம். ஏறத்தாழ 1.8 மீட்டர் உயரத்துக்கு வேலி போட்டால் கன்று பிழைக்கும். ஆனால் கேப்பர்கெய்லி என்கிற பெரிய காட்டுக்கோழி பறந்துவந்து அதில் மோதிச் சாகிறது. அங்குள்ள கிரெய்க் மெகி மலையை 1985இல் அரசின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு வாங்கிய பிறகு, வேலியை நம்பாமல் மான்களைச் சுட்டுக் குறைத்தார்கள். பிர்ச் கன்றுகள் தாமாகவே எழும்பின.

இந்தச் சுட்டுக் குறைத்தலுக்கு 'களையெடுப்பு' என்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு ஒப்பவில்லை. களை என்றால் வயலில் இருக்கவே கூடாதது. செம்மான் அந்த மண்ணின் விலங்கு, எண்ணிக்கைதான் சிக்கல். 'சுட்டுக் குறைத்தல்' என்றே எழுதுவோம், எதற்கு மழுப்ப வேண்டும்?

மறுப்பு இல்லையென்றால் 'கடிமட்டம்' நம் சொற்பட்டியலில் ஏறட்டும். அப்புறம், மான் நுழையாமல் வேலியடைத்து, வெளியே உள்ள நிலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிற துண்டு நிலத்துக்கும் சொல் வேண்டும். 'பட்டி' ஆகாது, அது ஆட்டை உள்ளே அடைப்பது. 'மேயாத்திட்டு' எப்படி?