‘எக்ஸூமா’வின் வெளிநாட்டு வசூல்: டாலரில் எண்ணுவதா, தலைகளை எண்ணுவதா?

கேள்வி

2024 பிப்ரவரி 22 அன்று கொரியாவில் வெளியான ‘எக்ஸூமா’ படத்தின் வசூல் பற்றி ஓர் ஐயம். பெர்லின் திரைப்பட விழாவில் திரையிடப்பட்ட சமயத்திலேயே 133 நாடுகளுக்கு அதன் உரிமை விற்றுவிட்டதாகச் செய்தி வந்தது. அடுத்த சில வாரங்களில், இந்தோனேசியாவிலும் வியட்நாமிலும் அதுவரை ஓடிய கொரியப் படங்கள் அனைத்தையும் அது முந்திவிட்டதாகவும் படித்தேன். ஆனால் உலக வசூல் என்று சொல்லப்படும் தொகையோ பத்துக் கோடி டாலருக்குச் சற்றுக் குறைவாகவே நிற்கிறது. அதிலிருந்து கொரிய வசூலைக் கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது மிகச் சிறிது. 133 நாடுகளுக்கு விற்று, இரண்டு நாடுகளில் சாதனையும் படைத்த ஒரு பேய்ப்படத்துக்கு வெளியிலிருந்து கிடைத்தது இவ்வளவுதானா? கணக்கில் நான் எதையாவது தவற விடுகிறேனா? விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1

நண்பரே, கழித்தல் கணக்கில் பிழையில்லை. கொரியாவில் மட்டும் ஏறத்தாழ 1 கோடியே 19 லட்சம் பேர் இப்படத்தைத் திரையரங்கில் பார்த்தார்கள். ஐந்து கோடிக்குச் சற்றே கூடுதலான மக்கள் வாழும் நாட்டில் அது எத்தகைய கூட்டம் என்று எண்ணிப் பாருங்கள். வசூல் சுமார் 11,500 கோடி வோன், அதாவது அன்றைய மதிப்பில் எட்டரைக் கோடி டாலரை ஒட்டிய தொகை. எனவே டாலரில் பார்க்கும்வரை வெளிநாட்டுப் பங்கு சிறியதாகத்தான் தெரியும்.

கொரியர்கள் ஒரு படத்தின் வெற்றியைப் பணத்தில் சொல்வதைவிட ஆள்கணக்கில் சொல்வதே வழக்கம். கொரியத் திரைப்பட மன்றம் நாடு முழுவதும் விற்கும் டிக்கெட்டுகளைக் கணினி வலையமைப்பின் வழியே திரட்டித் தினந்தோறும் வெளியிடுகிறது. அங்கே படவுலகின் கனவு எண்ணும் நம்முடைய ஒரு கோடியேதான். ‘எக்ஸூமா’ அதை 32 நாள்களில் எட்டியது. அதே அளவுகோலை வெளியிலும் வைத்துப் பாருங்கள். வியட்நாமில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பார்த்து 20,000 கோடி டாங்குக்கு மேல் வசூலானது. ஒரு டிக்கெட்டுக்குச் சராசரியாக நான்கு டாலர்கூடத் தேறாது. கொரியாவிலோ ஏழு டாலருக்கு மேல். இந்தோனேசியாவிலும் பார்வையாளர் தொகை இருபது லட்சத்தைத் தாண்டியது. அங்கும் படத்தின் வெற்றியைப் பார்வையாளர் எண்ணிக்கையில் அறிவிப்பதே வழக்கம் என்பதால், உலகப் பட்டியல்களில் அந்நாட்டுக்கு எதிரே டாலரில் காணும் தொகை பெரும்பாலும் மதிப்பீடாகவே இருக்கும். இந்த இரண்டு நாடுகளிலும் சேர்த்து நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வரிசையில் நின்று டிக்கெட் வாங்கிய ஒரு படத்தை, வெளிநாட்டில் சுமாராகப் போனது என்று எழுதுவது அந்தப் பார்வையாளர்களுக்குச் செய்யும் அநீதி என்றே நான் கருதுகிறேன்.

133 என்ற எண்ணைப் பொறுத்தவரை, அது உரிமை விற்பனையின் கணக்கு. ஒரு நாட்டு விநியோகஸ்தர் மினிமம் கேரண்டி, அதாவது வசூல் எப்படியிருந்தாலும் திருப்பிக் கேட்க முடியாத முன்தொகை, கொடுத்து வாங்கிய படத்தை நூற்றுக்கணக்கான திரைகளிலும் வெளியிடலாம், நாலைந்து திரைகளோடும் நிறுத்திக்கொள்ளலாம். திரையரங்குக்கே கொண்டுவராமல் இணையத்துக்கு அனுப்பவும் செய்யலாம்.

மறுமொழி 2

நான் பினாங்கில் வசிக்கிறேன். தென்கிழக்காசியாவில் இப்படம் ஏன் இவ்வளவு ஒட்டிக்கொண்டது என்பதை எண்களைவிடத் திரையரங்கே எனக்குத் தெளிவாகக் காட்டியது. மண்ணின் தன்மை பார்த்துக் கல்லறைக்கு இடம் குறிக்கும் கிழவராக நடித்த சோய் மின்-சிக், தோண்டிய குழியிலிருந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கில் வைத்துச் சுவைப்பார். அந்த இடத்தில் என் பக்கத்து இருக்கையில் இருந்த சீன மூதாட்டி, பேரனின் முழங்கையைத் தொட்டு மெல்லிய குரலில் ஏதோ சொன்னார். அவன் படம் முடியும்வரை கையிலிருந்த சோளப்பொரியைத் தொடவில்லை. கல்லறையின் திசை பிசகினால் வம்சத்துக்கே கேடு என்ற நம்பிக்கை அவர்கள் வீட்டுப் பேச்சு, ஆகவே வசனவரிகள் சொல்லாததும் அவர்களுக்குப் புரிந்துவிடுகிறது.

வட வியட்நாமில் புதைத்துச் சில ஆண்டுகள் கழித்து எலும்புகளைத் தோண்டி எடுத்துக் கழுவி, சிறு பேழையில் வைத்து வேறிடத்தில் மறுபடி அடக்கம் செய்யும் வழக்கம் உண்டு. இப்படத்தின் கொரியத் தலைப்பான ‘பாமியோ’வுக்குப் பொருளும் கல்லறையைத் தோண்டுதல் என்பதே. இந்தோனேசியாவோ பேய்ப்படங்களுக்கென்றே திரையரங்கு நிரம்பும் நாடு. 2022-இல் அவர்களுடைய ‘கேகேஎன் டி டேசா பெனாரி’ படத்தை ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் பார்த்தார்கள். இயக்குநர் ஜாங் ஜே-ஹியூன் இதைக் கொரியர்களுக்காகத்தான் எடுத்தார். ஜப்பானிய ஆட்சிக் காலத்தின் காயம் படத்தின் பிற்பகுதி முழுவதும் இருக்கிறது. ஆனாலும் முற்பகுதியின் கல்லறையும் சாமியாடும் பெண்ணின் சடங்கும் எங்கள் பகுதிக்கு அந்நியமாக இல்லை.

கேட்டவரின் பதில்

இருவருக்கும் நன்றி. தலைக்கணக்கை நான் எண்ணியே பார்க்கவில்லை. இன்னும் ஒன்று மட்டும்: நடைபிணங்களைப் பற்றிய கொரியப் படமான ‘ட்ரெயின் டு பூசான்’ இதைவிட வெளியில் நன்றாகச் சம்பாதித்ததா?

மறுமொழி 3

இரண்டின் உலக வசூலும் ஏறத்தாழ ஒரே அளவுதான், ஆனால் பாதை வேறு. 2016 மே மாதம் கான் விழாவில் நள்ளிரவுக் காட்சியாகத் திரையிடப்பட்ட ‘ட்ரெயின் டு பூசான்’, ஜூலையில் கொரியாவில் வெளியாகி 1 கோடியே 15 லட்சம் பேரை ஈர்த்தது. வெளியே அதன் கோட்டை ஹாங்காங். 6 கோடி ஹாங்காங் டாலருக்கு மேல் ஈட்டி, அங்கு அதுவரை ஓடிய ஆசியப் படங்களில் முதலிடம் பெற்றது. தைவான், சிங்கப்பூர், மலேசியாவிலும் பெருங்கூட்டம். மலேசியா நீங்கலாக இவை டிக்கெட் விலை கூடுதலான ஊர்கள் என்பதால் அதன் வெற்றி டாலரிலும் பளிச்சென்று தெரிந்தது. உலகமே கொண்டாடிய அப்படம் வட அமெரிக்கத் திரையரங்குகளில் ஈட்டியதோ இருபது லட்சம் டாலரைச் சற்றே தாண்டிய தொகை.

இரண்டுக்குமே சீனப் பெருநிலம் கிடைக்கவில்லை. பேய், ஆவி, சாமியாடல் ஆகியவை அங்குள்ள தணிக்கைக்கு ஒவ்வாதவை. போதாக்குறைக்கு, சீனா கடுமையாக எதிர்த்த அமெரிக்காவின் ‘தாட்’ ஏவுகணை எதிர்ப்பு அமைப்பைக் கொரியா ஏற்பதாக 2016 ஜூலையில் அறிவித்தபின் கொரியப் படங்களுக்கே அங்கே கதவு ஏறக்குறைய மூடிவிட்டது. ‘ட்ரெயின் டு பூசான்’ வெளியானதும் அதே மாதத்தில்தான்.