பஸ் வீட்டுக்குள்ளே "கொஞ்சம் பார்க்கலாமா?" என்று கேட்டவர்கள்: உங்கள் அனுபவம்

ஓடும்வீடு:
பஸ்ஸை வீடாக்கி ஓட்டுகிறவர்களுக்கு இந்தக் கேள்வி பழகிப்போனதுதான். அதனால் வண்டிக் கதையெல்லாம் சொல்லி இழுக்கவில்லை. பழைய கல்லூரி பஸ், பின்னால் கட்டில், நடுவில் சமையல், அவ்வளவுதான்.

ராமேஸ்வரம், காலை நேரம். பக்கத்தில் நின்ற டூரிஸ்ட் வேன் குடும்பம் கோவிலில் 22 தீர்த்தமும் ஆடிவிட்டு ஈரம் சொட்டச் சொட்ட வந்து நின்றது. "தம்பி, உள்ளே கொஞ்சம் பார்க்கலாமா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். வாங்க என்றேன். கேட்டது ஒருத்தர், ஏறியது மொத்த வேனும். ஒரு பாட்டி மாவுப் பாத்திரத்தைத் திறந்து முகர்ந்து பார்த்து, "புளிச்சிருச்சே, இன்னைக்கே ஊத்திரு" என்று என் மனைவியிடம் சொன்னார். அதெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். உறுத்துவது கடைசியாக ஏறிய ஆள். போனை நீட்டிப் பிடித்துக்கொண்டேதான் படியில் காலை வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அடுப்பு, அலமாரி, கட்டில், கட்டிலுக்கு மேலே உள்ள பலகை, இறங்கிப் போய் நம்பர் பிளேட் வரைக்கும் எடுத்தார்.

பத்து நாள் போயிருக்கும், சித்தப்பா பையன் ஒரு லிங்க் அனுப்பினான். எங்கள் வீடுதான், பின்னணியில் பாட்டு வேறு. பலகை மேல் இருந்த மாத்திரை அட்டை நன்றாகப் படிக்கிற மாதிரி விழுந்திருக்கிறது. கீழே கமெண்டில் இரண்டு பேர், அது என்ன வியாதிக்கான மாத்திரை, புருஷனுக்கா பொண்டாட்டிக்கா என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். மனைவி அதைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் பலகையைக் காலி செய்தாள். உள்ளே விடுவதில் எனக்குப் பிரச்சினை இல்லை. போனை எப்படி நிறுத்துவது, வந்தவர் முகம் சுருங்காமல்? அதைச் சொல்லுங்கள்.

பொள்ளாச்சிக்காரன்:
உங்களுக்கு வீடியோ. எங்கள் ஊர்ப்பக்கம் வேறு தொல்லை. இங்கே ஷூட்டிங் அடிக்கடி நடக்கும் என்பதால் கண்ணாடிக்கு ஸ்கிரீன் போட்ட எந்தப் பெரிய வண்டி நின்றாலும் அது கேரவன், உள்ளே யாரோ ஹீரோ. ஆனைமலை போகிற வழியில் டீ குடிக்க நிறுத்தினேன். டீ வருவதற்குள் கூட்டம் கூடிவிட்டது. யாருமில்லைங்க, என் வீடுங்க என்று சொன்னால் நம்புகிற முகம் ஒன்றுகூட இல்லை. "அவர் தூங்குறாராட்டம் இருக்கு, மேனேஜர் அப்படித்தான் சொல்வாரு" என்று ஒருத்தர் எனக்கே பதவி கொடுத்துவிட்டார். கடைசியில் கதவைத் திறந்து, ஒரு பையனை மட்டும் ஏற்றி, நீயே பார்த்துச் சொல்லுடா என்றேன். அவன் கட்டில் வரைக்கும் போய், பாத்ரூம் கதவையும் திறந்து பார்த்துவிட்டு, படியில் நின்று கூட்டத்துக்கு அறிவித்தான்: "யாருமே இல்ல. ஒரு மிக்ஸிதான் இருக்கு." இன்றைக்கும் எனக்கு அந்தக் குரல் கேட்கிறது. நடிகனாகாமல் போனதற்காக வாழ்க்கையில் முதல்முறையாக வருத்தப்பட்டேன்.

தனிவழி:
நான் தனியாக ஓட்டுகிறவள். படிக்குக் கீழே ஒரு பத்தாம் நம்பர் ஆம்பிளைச் செருப்பு எப்போதும் கிடக்கும். எதற்கென்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டாம்.

கம்பம் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்தை ஒட்டி அனுமதி கேட்டு நிறுத்தியிருந்தேன். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் கதவைத் தட்டி, "அம்மா, உள்ளே ஒரு நிமிஷம் பாக்கலாமா? நானும் இதுமாதிரி ஒண்ணு செய்யணும்னு இருக்கேன்" என்று ஒரு அண்ணன். கதவைத் திறக்காமல், "வீட்டுக்காரர் தூங்குறார்ண்ணே, காலையில வாங்க" என்றேன். டார்ச் வெளிச்சம் கீழே செருப்பில் விழுந்தது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. "சரி சரி, தூங்கட்டும்" என்று போய்விட்டார்.

காலையில் டிபன் கேரியரோடு வந்து நிற்கிறார். இட்லி, தக்காளிச் சட்னி, இரண்டு பேருக்கு. "சாரை எழுப்புங்கம்மா, சூடா இருக்கு." நான் சட்டென்று, அவர் வாக்கிங் போயிருக்கார் என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து அந்தச் செருப்பைப் பார்த்தார். அப்புறம் கேரியரைப் படியில் வைத்துவிட்டு, "பாத்திரத்தைப் பம்ப்செட்டுகிட்ட வச்சிட்டுப் போங்க, மெதுவா சாப்பிடுங்க" என்று திரும்பி நடந்தார். வண்டியைப் பார்க்கவே இல்லை. இரண்டு பேர் இட்லியையும் நான்தான் சாப்பிட்டேன். அவரைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கலாமா என்று கேட்டால், ராத்திரி ஒன்பது மணிக்கு இன்னமும் அதே பதில்தான் சொல்வேன். ஆனாலும் அந்த முதுகு மனசைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது.

லேலண்ட்பிரியன்:
தங்கச்சி, தவறாக நினைக்க வேண்டாம். செருப்பு போடுவது பழைய தந்திரம், எல்லாருக்கும் தெரிந்துபோச்சு. பொய் சொல்லிவிட்டு அதைக் காப்பாற்ற இன்னொரு பொய். "இப்ப முடியாதுண்ணே" என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம்.

என் அனுபவம் சின்னது. திருச்சி பைபாஸில் லுங்கி கட்டிய ஒருத்தர் உள்ளே பார்க்கலாமா என்றார். காட்டினேன். எல்லாவற்றையும் தட்டிப் பார்த்துவிட்டு, "ஆர்.சி.யில எத்தனை சீட் போட்டிருக்கு?" என்றார். அப்போதுதான் உறைத்தது, லீவில் ஊருக்கு வந்த பிரேக் இன்ஸ்பெக்டர். என் ஆர்.சி. முறையாக மாற்றியது, எடுத்து நீட்டினேன். டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

இதிலிருந்து எல்லாருக்கும் சில விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆர்.சி.யில் 40 சீட், உள்ளே ஒரு கட்டில் என்று ஓட்டுகிறவர்கள் யாரையும் உள்ளே விடாதீர்கள். விடுவது இருக்கட்டும், ஓட்டவே ஓட்டாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு அனுமதி இல்லாமல் வண்டியின் அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது. நாளைக்கு விபத்து என்றால் இன்சூரன்ஸ்காரன் முதலில் பார்ப்பது அதைத்தான். அடுத்தது கேஸ். வருகிறவன் குழந்தையோடு வருவான், குழந்தை திருகு கண்டால் திருகும். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம், கசிந்தால் மேலே போகாது, தரையோடு தேங்கும். ஜன்னல் திறந்திருக்கிறதே என்று நிம்மதியாக இருக்கக் கூடாது. சிலிண்டர் பெட்டிக்கு அடியில் வெளியே போகிற ஓட்டை வேண்டும், கசிவு அலாரத்தை முழங்காலுக்குக் கீழே மாட்ட வேண்டும். ஆள் ஏறும் முன்னால் ரெகுலேட்டரை மூடு. வேன் கூட்டம் மொத்தமும் ஏறினால் பின்பக்க எமர்ஜென்சி கதவு திறக்கிற நிலையில் இருக்கிறதா? முக்கால்வாசிப் பேர் கட்டிலைப் போட்டு அதை அடைத்து வைத்திருக்கிறார்கள். தீயணைப்பான் கட்டிலுக்கு அடியில் இருந்தால் இல்லாத மாதிரிதான், கதவுப் பக்கத்தில் மாட்டுங்கள். இன்வெர்ட்டருக்கு மூடி போடுங்கள், வருகிறவன் முதலில் கை வைப்பது அதில்தான். இரண்டு பேருக்கு மேல் ஒரே நேரத்தில் ஏற்றாதீர்கள். பேட்டரி பற்றித் தனியாக எழுதுகிறேன்.

தனிவழி:
அண்ணா, "இப்ப முடியாது" என்று சொன்னால் ஏன் முடியாது என்று கேட்பார்கள். உங்களிடம் கேட்க மாட்டார்கள். பேட்டரி பற்றி எழுதுங்கள், படிக்கிறேன்.

ஓடும்வீடு:
கேஸ் பற்றிச் சொன்னதற்கு நன்றி. நான் கேட்டது போனைப் பற்றி. அந்த வீடியோக்காரருக்கு எழுதினேன், எடுத்துவிடுங்கள் என்று. மரியாதையாகத்தான் பதில் போட்டார். ஆனால் எடுக்கவில்லை, மாத்திரை இருந்த இடத்தில் ஒரு பூ ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார். இப்போது பூவுக்குப் பின்னால் என்ன என்று கேட்கிறார்கள்.

சேலம்_9மீட்டர்:
வீடியோ என்றதும் நினைவு வருகிறது. 2024 நாடாளுமன்றத் தேர்தல் சமயம். 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கத்துக்குக் கணக்குக் கேட்கிறார்களே, அந்தப் பறக்கும் படை சேலம் பக்கம் மறித்தது. அவர்கள் கேட்கவெல்லாம் இல்லை, ஏறிவிட்டார்கள். கூட வீடியோ எடுக்கிற ஒருவர். அரிசி டிரம்முக்குள் கைவிட்டுத் துழாவினார்கள், மெத்தையைத் தூக்கினார்கள், கழிவறைத் தொட்டியைக்கூடத் திறக்கச் சொன்னார்கள், திறந்ததும் உடனே மூடச் சொன்னார்கள். ஒன்றுமில்லை என்று எழுதிக் கையெழுத்து வாங்கியாயிற்று. கேமராவை அணைத்த பிறகு அந்த அதிகாரி அம்மா மட்டும் படிக்குக் கீழே நின்றுகொண்டு, "இப்ப டியூட்டி முடிஞ்சுது. ஒரு தடவை உள்ளே பார்க்கலாமா சார்?" என்றார். ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் என் மெத்தையைத் தூக்கிப் பார்த்தவர். இந்த முறை செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். ஜன்னலோர இருக்கையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, "நல்லா இருக்கு" என்று இறங்கினார்.

கிவிநாட்டான்:
நான் யாழ்ப்பாணம், இப்ப நியூசிலாந்தில் இருக்கிறேன். இங்கே வீட்டு பஸ் கனகாலமாக ஓடுது, ஆட்கள் வடிவாகக் கேட்டுத்தான் வருவினம், படமும் எடுக்கிறதில்லை. எனக்கு மறக்க முடியாதது ஒரு கவுன்சில் உத்தியோகத்தர். இங்கே இலவசமாக இரவு தங்குகிற இடங்களில் கனவற்றில் வாகனம் தன்னிறைவானது, அதாவது தண்ணி, டொய்லெட், கழிவுத் தொட்டி எல்லாம் அதற்குள்ளேயே இருக்கு என்ற சான்றிதழ் வேண்டும். 2023இல் சட்டம் மாறின பிறகு, தூக்கித் திரிகிற டொய்லெட் காணாது, நிலையாகப் பொருத்தினதாக இருக்க வேணும், கட்டில் விரித்திருக்கும்போதும் பாவிக்கக்கூடியதாக இருக்க வேணும். இந்தக் கடைசி விதிதான் வினை. அவர் சிரித்த முகத்தோடு, "கட்டிலை விரித்து, கதவைத் திறந்து காட்ட முடியுமா?" என்றார். கட்டில் ஏற்கனவே விரித்துத்தான் கிடந்தது. அதில் கொழும்பிலிருந்து வந்த மாமி போர்த்துக்கொண்டு படுத்திருந்தா. கதவு திறக்கிற இடத்தில் அவவின் கால். "மாமி, காலை மடக்குங்கோ, கவுன்சிலில் இருந்து டொய்லெட் பார்க்க வந்திருக்கினம்" என்றேன். மாமி எழும்பி இருந்து, தலையை வாரி, உத்தியோகத்தரைப் பார்த்து, "ரீ குடிக்கிறாரோ எண்டு கேள்" என்றா. டொய்லெட்டைச் சோதிக்க வந்த மனிசனுக்கு டொய்லெட் வாசலில் நின்றே தேத்தண்ணி.

கரூர்க்காற்று:
எல்லாரும் ஆளைத் தடுப்பது எப்படி என்றே பேசுகிறீர்கள். லேலண்ட்பிரியன் சொல்கிற மாதிரி இரண்டிரண்டு பேராக டிக்கெட் கிழித்து விடுவதற்கு இது பொருட்காட்சியா? பஸ்ஸில் ஏறுவதற்கு நம் ஊரில் யாரும் யாரிடமும் அனுமதி கேட்டுப் பழக்கமில்லை. கேட்கிறார்களே, அதுவே பெரிசு.

எங்கள் ஊர் பஸ் பாடி கட்டுவதற்குப் பேர்போனது என்பது உங்களுக்குத் தெரியும். பைபாஸில் நிறுத்தியிருந்தபோது ஒரு வயசானவர் பக்கவாட்டுத் தகட்டில் ரிவெட் வரிசையை விரலால் தடவிக்கொண்டே வந்தார். உள்ளே வாங்கய்யா என்றேன். "உள்ளே என்ன இருக்கு, பிளைவுட்தானே. அடியில பாக்கலாமா?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் துண்டை விரித்து மல்லாக்கப் படுத்து உள்ளே நகர்ந்துவிட்டார். கால் மட்டும் வெளியே. கொஞ்ச நேரம் தட்டுகிற சத்தம். அப்புறம், "தண்ணித் தொட்டியை எவன்யா இதுல தொங்கவிட்டது?" என்று கோபமான குரல். நானும் படுத்துப் பார்த்தேன். கழிவுநீர்த் தொட்டியைச் சேஸிஸில் மாட்டாமல், பின்சக்கரத்துக்குப் பின்னால் பாடியைத் தாங்குகிற குறுக்குச் சட்டத்தில் தொங்கவிட்டிருக்கிறார்கள். வெல்டிங் ஓரத்தில் தலைமுடி மாதிரி ஒரு விரிசல், துரு கசிந்து. தொட்டி நிறைந்து ஒரு பெரிய ஸ்பீட் பிரேக்கரில் ஏறியிருந்தால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை, கையை மட்டும் கீழே போட்டுக் காட்டினார். வேலை செய்து கொடுத்த பட்டறையின் பெயர் இங்கே வேண்டாம். சில்லறை எடுக்க உள்ளே போய்விட்டு வருவதற்குள் அவர் டவுன் பஸ் ஏறிப் போய்விட்டார். இவரையும் இப்ப முடியாது என்று அனுப்பியிருக்க வேண்டுமா?

லேலண்ட்பிரியன்:
தொட்டி மாட்டும்போதே பார்த்திருந்தால் அவர் தேவைப்பட்டிருக்க மாட்டார். குறுக்குச் சட்டத்தில் எடை ஏற்றக் கூடாது என்பது அடிப்படை. படம் போடுங்கள், சொல்கிறேன்.

காரைக்குடி_ஆச்சி:
ஓடும்வீடு தம்பிக்கு. போனைத் தடுக்க எனக்கும் வழி தெரியாது, ஆளைத் தடுக்கிற வழி ஒன்று தற்செயலாகக் கிடைத்தது. நாங்கள் எங்கே நிறுத்தினாலும் விடிகாலையில் படிக்கு முன்னால் தண்ணீர் தெளித்து ஒரு சின்னக் கோலம் போட்டுவிடுவேன், தார் ரோடாக இருந்தாலும் சரி. பழக்கதோஷம். அதன் பிறகு யாரும் சட்டென்று ஏறுவதில்லை. அந்தப் பக்கமே நின்று கூப்பிடுகிறார்கள்.

ஆனால் அதிலும் ஒரு சிக்கல் உண்டு. தஞ்சாவூரில் ஒரு ரிட்டயர்டு வாத்தியார், கோலத்துக்கு வெளியே நின்றே ஆரம்பித்தார். தண்ணீர் எத்தனை லிட்டர் பிடிக்கும், கழிவு எங்கே போகிறது, மகன் கோபித்துக்கொள்ளவில்லையா, சொந்த வீட்டை என்ன செய்தீர்கள். பதில் சொல்லிக்கொண்டே காய் நறுக்கி, குழம்பும் கொதித்தாயிற்று. உள்ளே வந்து பார்த்திருந்தால் ஐந்து நிமிஷத்தில் முடிந்திருக்கும். இவர் உள்ளே வரவும் மாட்டேன் என்கிறார், போகவும் மாட்டேன் என்கிறார். தூறல் போட்டது. குடையை விரித்துக்கொண்டு அங்கேயே நின்று, "மழைக்கு ஒழுகுமா?" என்று அடுத்த கேள்வி. கடைசியில் நான்தான் கையைப் பிடித்து இழுக்காத குறையாக, உள்ளே வந்து தொலைங்க சார் என்று சொல்ல வேண்டியதாயிற்று.